குரல் காசு

அன்பு மகன் பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் இங்கே சௌகரியமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, தெரியும் என்று எழுத முடியவில்லை. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பறிப்பு வேலை, அதனால் பதில் போடவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், எனக்கே நம்பிக்கை இல்லை. நீ கேட்டிருந்தது ஒன்றே ஒன்று, அதற்கு நான் சொல்ல வேண்டிய பதில் உனக்குப் பிடிக்காது, அதனால்தான் காகிதத்தை எடுப்பதும், 'அன்பு மகன்' என்று எழுதுவதும், உடனே வேறு ஏதாவது வேலை ஞாபகம் வந்து எழுந்து போவதுமாகவே இருந்தேன். போனில் சொல்லிவிடலாம் என்றும் பார்த்தேன். நீ 'சரிம்மா' என்று வைத்துவிடுவாய், அந்தச் சரிம்மாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. இப்போது உன் தங்கை பள்ளிக்குப் போயிருக்கிறாள், கொட்டகையில் ஆளில்லை, தரம் பிரிக்கிற மேசை மேல் வைத்துத்தான் எழுதுகிறேன், எழுத்து மேடும் பள்ளமுமாக இருந்தால் மேசையைத் திட்டு, என்னைத் திட்டாதே.

முதலில் வீட்டுச் சேதி. பேரிக்காய் பறிப்பு நல்லபடியாக முடிந்தது. கீழ் வரிசை மரங்கள் இந்த வருஷம் கிளைக்கு முட்டுக் கொடுக்கிற அளவுக்குக் காய்த்தன, மேல் வரிசைதான் வழக்கம்போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. கொட்டகைக் கூரையில் ஒழுகின தகரத்தை மாற்றியாயிற்று. உன் தங்கைக்கு முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்து 'ச' வராமல் தவிக்கிறாள், சித்தப்பாவைத் தித்தப்பா என்கிறாள், அவரும் 'இந்த வயசுல என்னைத் தித்திக்கறவன்னு சொல்ல இவ ஒருத்திதான் இருக்கா' என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறார். உன் பழைய குளிர் சட்டையை அவள் விடாப்பிடியாகப் போட்டுக்கொண்டு திரிகிறாள், கை முழங்காலைத் தொடுகிறது. இதெல்லாம் நல்ல சேதி. இனிமேல் எழுதப்போவதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

நீ எழுதியிருந்தாய், உன் வீதிமுனைப் பழக்கடையில் நம் விவசாயிகள் வாரியத்துப் பேரிக்காய் வந்திறங்கியிருக்கிறது, கடைக்காரர் பெட்டிகளுக்கு மேலே ஒரு டேப் ரிக்கார்டரை வைத்து வாரியம் கொடுத்த நாடாவை ஓடவிடுகிறார், அதில் அப்பா பேசுகிறார் என்று. 'இந்த வருஷம் கட்டணத்துக்கு ஓட்டெடுப்பு வருமே, வேண்டும் என்று போடு அம்மா, மற்றவர்களையும் போடச் சொல், நிறுத்த விடாதே, அப்பா இங்கே இருக்கிறார்' என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி மூன்று வார்த்தையைப் படித்த பிறகு நான் அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. அப்பா உன்னிடம் பேசினார் என்று எழுதியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். இருக்கிறார் என்று எழுதியிருந்தாய்.

அந்த விளம்பரம் எப்படி வந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும், நீ அப்போது சின்னப் பையன். நாம் விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் வாரியம் ஒரு சின்னக் கட்டணம் பிடித்துக்கொள்ளும், அதில்தான் வாரியம் நடக்கிறது, விளம்பரம், வானொலி, கடைகளுக்கு நாடா எல்லாம். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பொருளாதாரம் பரீட்சை எழுதினவள், அந்தக் கட்டணத்தில் எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு. தனி ஒருத்தன் கத்தினால் பக்கத்துத் தோட்டத்துக்குக்கூடக் கேட்காது, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டால்தான் நாலு ஊருக்குக் கேட்கும், ஒருத்தன் கொடுக்காமல் நழுவினாலும் அதே விளம்பரத்தில் அவன் பழமும் விற்றுவிடும், அதனால்தான் கட்டாயம் என்று வைத்தார்கள். ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விவசாயிகளிடமே கேட்க வேண்டும், தொடரலாமா வேண்டாமா என்று. அப்பாவின் குரல் நன்றாக இருக்கிறதென்று வாரியத்தில் கூப்பிட்டார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்ததில் 'சுவையின் சிகரம்' என்று ஏதோ இருந்ததாம். 'சிகரமாவது கோபுரமாவது, நானே பேசறேன், புடிச்சா வெச்சுக்குங்க' என்றாராம் உன் அப்பா. பேசினது உனக்கு மனப்பாடம். வாங்கின உடனே கடிச்சுடாதீங்க, பேரிக்காய் மரத்துல கனியாது, உங்க வீட்லதான் கனியும், ரெண்டு நாள் மேசை மேல வைங்க, காம்புகிட்ட விரலால அழுத்திப் பாருங்க, விட்டுக் கொடுத்தா அப்பச் சாப்பிடுங்க, அவசரப்படாதீங்க. செருப்பை மாட்டிக்கொண்டே சாப்பிடுகிற மனுஷன் ஊருக்கெல்லாம் அவசரப்படாதீங்க என்கிறாரே என்று நாம் எவ்வளவு சிரித்தோம்.

அது வானொலியில் வர ஆரம்பித்துப் பாதி வருஷம்கூட ஆகவில்லை. பழம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்காகக் மூச்சுக் காற்றைக் குறைத்து மூடி வைக்கிற குளிர் அறைக்குள், சரிந்த அடுக்கு ஒன்றை நிமிர்த்தப் போனவர் திரும்பி வரவில்லை. வெளியே தூக்கி வந்தது உன் சித்தப்பா. அறையிலிருந்த பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பறித்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது என்று யாரோ ஆறுதல் மாதிரி வந்து சொன்னார்கள். அதற்குச் சில வாரம் கழித்துத்தான் ஓட்டெடுப்பு. வாரிய மண்டபத்தில் கை தூக்கச் சொன்னார்கள். நான் முன்வரிசையில் உன் தங்கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பிறந்து மாதம்கூட ஆகாத குழந்தை. மண்டபத்தில் ஒரு கைகூடக் கீழே இல்லை. எனக்கு அன்றைக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இந்த வீடு எப்படி நடந்தது என்று நீ விடுமுறைக்கு வந்து பார்த்ததுதான், ஆனால் நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. காலையில் வானொலியில் சந்தை நிலவரம் சொல்வதற்கு முன்னால் அப்பா வருவார், சாயங்காலம் பாட்டுக்கு நடுவில் ஒருமுறை. உன் தங்கைக்கு அப்பா என்றால் அதுதான். அந்த நேரத்துக்குத் தட்டோடு வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்காருவாள், அவர் அவசரப்படாதீங்க என்று சொன்னதும் 'சரிப்பா' என்று சொல்லிவிட்டு மென்று சாப்பிடுவாள். மேட்டுத் தோட்டத்து வீட்டிலும் அதே நிலையம்தான். அங்கே இருந்து சரிவில் இறங்கி வருவதற்குள் சத்தம் கொஞ்சம் பின்தங்கிவிடும். நம் அடுப்படியில் அப்பா ஒரு வார்த்தை சொல்லி முடிப்பார், உடனே ஜன்னலுக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில் இருந்து, அதே வார்த்தையை இன்னொரு முறை சொல்வார். முதலில் திரும்பிப் பார்ப்பேன். பிறகு திரும்புவதை விட்டேன். அதற்கும் பிறகு, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும், பதில் சொல்ல ஆரம்பித்தேன். மேல் வரிசைக்குத் தண்ணி ஏறலை, மோட்டாரைப் பாக்கணும் என்பேன். பெரியவன் லெட்டர் போடலை என்பேன். அவர் அவசரப்படாதீங்க என்பார். மருத்துவமனையில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடத்தில், பேருந்தில், முடி வெட்டுகிற கடை வாசலில் என்று எங்கே போனாலும் எனக்கு முன்னால் அவர் போய் உட்கார்ந்திருந்தார். எனக்கு மட்டும் சொல்ல வேண்டியதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு.

இந்த வருஷம் பறிப்பு தொடங்கும் முன்னால் மேட்டுத் தோட்டத்துக்காரர் நம் வாசலுக்கு வந்தார். மழை வருமா என்றார், நாய் இளைச்சிருக்கே என்றார், போய்விட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்து அதே நாயைப் பற்றி அதையே சொன்னார். மூன்றாவது தடவை அவர் சம்சாரமும் கூட வந்தார். 'இந்த மனுஷன் நாயைப் பாத்துப் பாத்தே நாய் இளைச்சுடும், நான் சொல்லிடறேன் அக்கா' என்று ஆரம்பித்தார். அவர்களுக்குப் பாதிக்கு மேல் மரம் நோவில் போய், மிச்சக் காயெல்லாம் தழும்பு விழுந்து சாறு பிழிகிற ஆலைக்குத்தான் போகிறதாம், ஆலைக்குப் போகிற பழத்துக்கு என்ன விளம்பரம், யார் அதை மேசை மேல் வைத்து அழுத்திப் பார்க்கப் போகிறார்கள், ஆனால் கட்டணம் மட்டும் ஒரே மாதிரி பிடிக்கிறார்களாம். கூட்டத்தில் சொல்ல வேண்டியதுதானே என்றேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். 'எப்படிக்கா சொல்றது. எல்லாரும் அதைக் குரல் காசுன்னுதான் சொல்றாங்க. அண்ணன் குரலுக்குக் கட்டற காசு. வேணாம்னு சொன்னா உங்க வீட்டு வாசப்படி எப்படி மிதிக்கறது' என்றார். எனக்குத் தெரியவே தெரியாது பெரியவனே. வாரியத்துக் கட்டணத்துக்கு ஊரில் அப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறது, என் காதுக்கு மட்டும் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கே சித்தப்பாவைக் கேட்டேன். அவர்தான் இந்த முறை கட்டணமே வேண்டாம் என்று கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு திரிகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன், செலவு கட்டுப்படியாகவில்லை போல என்று நினைத்திருந்தேன். கொட்டகையில் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் செலவு, லாரி வாடகை என்று என்னென்னவோ சொன்னார். பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டு, 'அண்ணி, நான் சந்தைக்குப் போறதையே விட்டுட்டேன், கவனிச்சீங்களா. கடைக்குக் கடை அண்ணன் கூப்பிடறாரு. அவசரப்படாதீங்கங்கறாரு. அன்னிக்கு அவர் உள்ள போய் இன்னும் வரலையேன்னு எனக்குத் தோணிச்சு அண்ணி. வருவாரு, என்ன அவசரம்னு டீயைக் குடிச்சுட்டுப் போனேன்' என்றார். இரண்டு பேரும் சேர்ந்து மிச்சப் பெட்டிக்கு ஆணி அடித்தோம். இதை நீ அவரிடம் ஒருநாளும் கேட்கக் கூடாது.

அப்போதும் நான் முடிவு எடுக்கவில்லை. உன் தங்கையை நினைத்தால் மனசு வரவில்லை, உன் கடிதத்தை நினைத்தால் இன்னும் வரவில்லை. அப்போதுதான் உன் அறைத்தோழர் போன் செய்தார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, பாவம், கோள் சொல்வதாக நினைக்காதீங்கம்மா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். 'வேலை விட்டதும் அந்தப் பழக்கடைல போய் நின்னுடறான்மா. கடைக்காரர் டேப்பை அமத்தற வரைக்கும் நிக்கறான். போன வாரம் ரெண்டு நாள் வேலைக்கே போகல, மேலாளர் கூப்பிட்டுக் கேட்டுட்டாரு. ரூம்ல ஜன்னல் பூரா பேரிக்காய் அடுக்கி வெச்சிருக்கான், தினம் அழுத்திப் பாக்கறான், சாப்பிடறதில்ல, எங்களையும் தொட விடறதில்ல, அழுகி வாசனை தாங்கலைம்மா' என்றார். ஒரு அறைக்குள் காற்றைக் குறைத்துவிட்டு, எதுவும் கெடாமல் அப்படியே இருக்கட்டும் என்று மூடி வைத்தால் உள்ளே போகிற மனுஷனுக்கு என்ன ஆகும் என்று இந்த வீட்டில் தெரியாதவர்கள் யார். நீ அந்த மாதிரி ஒரு அறைக்குள் போய்க்கொண்டிருக்கிறாய் என்று பட்டது. நான் இங்கேயிருந்து ஓடி வந்து கதவைத் திறக்க முடியாது.

கூட்டத்துக்குப் போனேன். அதே மண்டபம், அதே நாற்காலி, மைக் பிடித்த வாரிய மேலாளர் மட்டும் புதுசு. அவர் வழக்கம்போல, தொடர வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். என்னைச் சுற்றிக் கைகள் மெதுவாக எழ ஆரம்பித்தன, எழும்போதே எல்லோரும் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்கள், மேட்டுத் தோட்டத்துக்காரரும் பாதிக் கையைத் தூக்கிவிட்டார். நான் எழுந்துவிட்டேன். கை தூக்க வேண்டாம், சீட்டில் எழுதிப் போடுவோம் என்றேன். ஓட்டு எப்படி வந்தாலும் சரி, எங்க வீட்டுக்காரர் குரலை இதோட நிறுத்திடுங்க, அவருக்காக யாரும் கட்ட வேண்டாம், பழத்துக்காகக் கட்டணும்னு தோணினா கட்டுங்க, தோணலைன்னா கட்டாதீங்க என்றேன். மேலாளர் 'மக்களுக்குப் பழகின குரலாச்சே' என்று இழுத்தார். மக்களுக்குப் பழகினது போதும் சார், எங்களுக்குப் பழகலை என்றேன். பிறகு பின்னாலிருந்து மேட்டுத் தோட்டத்துக்காரர், 'அப்ப ஆலைக்குப் போற பழத்துக்கு எதுக்குங்க கட்டணம்' என்று எழுந்தார். அவ்வளவுதான், இத்தனை வருஷமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. ஒருத்தர் வரவு செலவு கேட்டார், ஒருத்தர் பெட்டிக்கு அந்தப் பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்த மகராசன் யார், முகத்தைக் காட்டச் சொல்லுங்க என்றார். எங்களுக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. என்னைப் பார்த்துப் பாவப்பட்டே எல்லோரும் ஊமையாக இருந்திருக்கிறார்கள். கடைசியில் ஆலைப் பழத்துக்குக் கட்டணம் இல்லை என்று எழுதிக்கொண்டு சீட்டுப் போட்டார்கள். கட்டணம் தொடர்கிறது, முன்னைப் போல எல்லோரும் இல்லை, ஆனால் வேண்டும் என்றவர்கள் அதிகம். நான் வேண்டும் என்றுதான் போட்டேன். சித்தப்பா என்ன போட்டார் என்று சொல்லவில்லை, வெளியே வந்து என் செருப்பைத் தேடி எடுத்து வைத்தார்.

ஆக, நீ கேட்டதில் பாதி நடந்தது, நீ எதற்காகக் கேட்டாயோ அது நடக்கவில்லை. உன் கடைக்கும் புது நாடா வரும், பழையதைத் திருப்பி அனுப்பச் சொல்லி வாரியம் எழுதிவிட்டது. ஒருநாள் நீ போய் நிற்கும்போது வேறு யாரோ பாடிக்கொண்டிருப்பார்கள். அங்கே போய்த் திடீரென்று தெரிந்துகொள்ளாதே என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். கோபம் வந்தால் என் மேல் கோபப்படு, வாரியத்தின் மேல் வேண்டாம். இங்கே வானொலியில் அப்பா குரல் நின்ற அன்றைக்கு உன் தங்கை தட்டோடு உட்கார்ந்திருந்தாள், யாரோ ஒரு பெண் குரல் ராகம் போட்டது, 'இவங்க யாரு, அப்பா எடத்துல' என்று கேட்டுவிட்டு வானொலிப் பெட்டியை அணைத்தாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் செய்தது தப்போ என்று அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மரம்தான் இருந்தது.

மூன்றாம் நாள் வாரிய மேலாளரே வீட்டுக்கு வந்தார், அப்பா பேசின மூல நாடாவைக் கொடுத்துவிட்டுப் போனார். வானொலிக்கு வெட்டி எடுத்ததுபோக முழுதும் அதில் இருக்கிறது. சித்தப்பா, உன் தங்கை, நான் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். அப்பா இருமுகிறார், தண்ணீர் கேட்கிறார், சிகரத்தைக் கிண்டல் பண்ணுகிறார், எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்கிறார். அவசரப்படாதீங்க என்று முடித்ததும் எப்போதும் பாட்டு வருமே, அது வரவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம். 'சரியா வந்துதாங்க? அப்ப நான் கிளம்பவா, வீட்ல பாத்துக்கிட்டிருப்பாங்க' என்கிறார். கதவுச் சத்தம். பிறகு நாடா வெறுமனே ஓடுகிறது. சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். உன் தங்கை டேப் ரிக்கார்டரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 'கிளம்பி வீட்டுக்கு வந்தாராம்மா' என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, வந்தாரே. அன்றைக்கு வந்தாரே. இருட்டின பிறகு வந்தார், சாப்பிட்டார், மேல் வரிசையைப் பற்றிப் புலம்பினார், படுத்துத் தூங்கினார். வந்தார்டி, நீ அப்ப என் வயித்துல இருந்தே என்றேன். வந்து முதலில் என்ன சொன்னார் என்று கேட்டாள். அதுதான் எனக்குத் தெரியவில்லை பெரியவனே. நான் பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்க் கதவைத் திறந்தது நீ. வாசலில் நீங்கள் இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தது மட்டும் எனக்குக் கேட்டது.

உன் தங்கை அதைத் தினம் கேட்கிறாள். அந்த நாடாவில் அது இல்லை, வாரியத்தில் இல்லை, எந்தக் கடையிலும் ஓடாது. உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நாடாவை உனக்கு அனுப்பப் போவதில்லை, இங்கே அலமாரியில் இருக்கும், வந்து எங்களோடு உட்கார்ந்து கேள். உன் வேலையிடத்து மேலாளரிடம் விடுப்புக் கேட்டுப் பார், கிடைக்காவிட்டால் கடிதத்திலாவது எழுது. ஜன்னலில் இருக்கிற பழத்தையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வை, கெட்டதோடு படுத்தால் உனக்கு மூச்சுத் திணறும், சின்ன வயசிலிருந்தே அப்படி. நல்லதாக ஒன்றிரண்டு இருந்தால் அறைத்தோழருக்குக் கொடு, நீயும் சாப்பிடு. உனக்கு எந்தக் குறையும் வராமல், நீ போகிற இடமெல்லாம் காற்றும் வெளிச்சமுமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் நினைத்துக்கொள்கிறேன், உன் தங்கையின் முத்தம், சித்தப்பாவின் ஆசி. கதவைத் திறந்ததும் அப்பா என்ன சொன்னார் என்பதை மறக்காமல் எழுது, அவள் காத்திருக்கிறாள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா